நாற்பத்தோரு மாநிலம் சுற்றிய முகம்

ராய்ஸ் டில்மனை ஓட்டுநர் என்று எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அது நீதிமன்றத்தில். அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது, கூட்டாளி ஒருவன் துப்பாக்கியோடு பெட்ரோல் பங்குக்குள் போய்த் திரும்பும்வரை வெளியே காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர், அரசு வக்கீல், ஜூரி பன்னிரண்டு பேர், எல்லோரும் அவனை ஓட்டுநர் என்றே சொன்னார்கள். அனுபவச் சான்றிதழ் கொண்டு வா என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் கொடுத்தார்கள். ஒன்பது உள்ளே. மிச்சம் மூன்றை நன்னடத்தையின் பேரில் வெளியே கழிக்கலாம்.

உள்ளே இருந்த ஒன்பதில் ஆறு வருடம் சிறைப் பண்ணையின் பதினெட்டுச் சக்கர லாரியை ஓட்டினான். அரசாங்கமே பாடம் நடத்தியது, அரசாங்கமே பரீட்சை வைத்தது, அரசாங்கமே கனரக உரிமமும் கொடுத்தது. நெல், சோயா, பன்றி என்று எதை ஏற்றினாலும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டு சேர்த்தான். வெளியே வரும்போது அவனிடம் இருந்தது அந்த உரிமமும் ஒரு காகிதப் பையும்தான்.

நன்னடத்தை அதிகாரி டாகெட் முதல் நாளே சட்டத்தை ஒப்பித்துவிட்டார்.

"இங்க பாரு, ரெண்டே விஷயம். அறுபது நாளுக்குள்ள முழுநேர வேலைக்குச் சேர்ந்த சான்று என் மேசைக்கு வரணும். வரலேன்னா மிச்ச மூணு வருஷத்தையும் உள்ள போய் முடிச்சுக்கலாம். ரெண்டாவது, என் அனுமதி இல்லாம ஆத்தைத் தாண்டக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற மாநிலம்."

"சார், எனக்குத் தெரிஞ்சது லாரி ஓட்டறது ஒண்ணுதான். லாரின்னா ஆத்தைத் தாண்டாம எப்படி?"

"அதுக்குப் படிவம் இருக்குப்பா. ஒவ்வொரு தடவை தாண்டவும் ஒரு படிவம். பத்து வேலை நாள்ல பதில் வரும்."

"சரக்கு தக்காளியா இருந்தா, சார்?"

டாகெட் யோசித்தார். அவர் நேர்மையான மனிதர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார். "தக்காளிக்குத் தனிப் படிவம் இல்ல" என்றார்.

ராய்ஸ் தங்கியது அக்கா வெர்னாவின் வீட்டு சோபாவில். வெர்னா கோழித் தொழிற்சாலையில் இறக்கை வெட்டுகிறவள். நாளெல்லாம் கத்தி பிடித்துப் பிடித்து வீட்டிலும் கத்தி மாதிரிதான் பேசுவாள். அவள் சமையல் மேசையில் உட்கார்ந்து ராய்ஸ் பதினேழு கம்பெனிகளுக்கு ஃபோன் செய்தான். பதினேழிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான் நடந்தது.

"அனுபவம் இருக்கா?"

"ஆறு வருஷங்க. ஒரு விபத்துகூட இல்ல."

"பிரமாதம். எந்தக் கம்பெனி?"

"சிறைங்க."

"ஓ. சம்பளச் சீட்டு இருக்கா?"

"சம்பளமே கிடையாதுங்க."

"சம்பளம் இல்லேன்னா அது வேலை இல்ல."

"அப்ப ஆறு வருஷமா நான் பண்ணது என்னங்க?"

"அது தண்டனை. தண்டனையை அனுபவத்துல சேர்க்க முடியாது. ஆறு மாசம் வெளியில ஓட்டிட்டு வாங்க, எடுத்துக்கறோம்."

"யாராவது எடுத்தாத்தானேங்க ஆறு மாசம் ஓட்ட முடியும்?"

"கரெக்ட். வேற எங்கயாவது முயற்சி பண்ணுங்க."

விண்ணப்பப் படிவங்கள் தனி. பத்து வருட வேலை வரலாற்றை ஒரு மாதம்கூட இடைவெளி இல்லாமல் எழுதவேண்டும். ராய்ஸ் பொய் எழுதத் தெரியாதவன். கடைசி மேலாளர் யார் என்ற இடத்தில் சிறைக் கண்காணிப்பாளரின் பெயரை எழுதினான். வேலையை விட்ட காரணம்: காலம் முடிந்தது. 'அந்த முதலாளி உங்களை மறுபடி சேர்த்துக்கொள்வாரா?' என்ற கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'சந்தோஷமாக' என்று எழுதினான்.

"மடையா," என்றாள் வெர்னா, தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு. "பண்ணையில வேலை பார்த்தேன்னு மொட்டையா எழுதித் தொலையேன்டா."

"எந்தப் பண்ணைன்னு கேப்பாங்களே, அக்கா."

"கேட்டா இருமு."

ஐம்பத்து மூன்றாம் நாள் கோல்டன் மெர்சி என்ற கம்பெனி கூப்பிட்டது. அதே ஊரில் தலைமையகம் உள்ள பெரிய கம்பெனி. ஃபோனில் பேசியவன் குரலில் தேன் சொட்டியது. "பழைய வழக்கா? அட, அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல அண்ணே! திங்கட்கிழமை பையோட வந்துடுங்க." ராய்ஸ் அன்று அக்காவுக்குப் பாத்திரம் எல்லாம் கழுவிக் கொடுத்தான். சந்தோஷத்தில் ஒரு தட்டை உடைத்தான்.

இந்தத் தொழிலில் வேலைக்குச் சேரும் விதமே ஒரு தினுசு. முதலில் ஒரு மலிவு விடுதியில் அறைக்கு இரண்டு பேராகத் தங்க வைப்பார்கள். காலையில் வேனில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோவார்கள். நாம் எவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் என்று மூன்று நாள் படம் போட்டுக் காட்டுவார்கள். உங்களை வேலைக்கு எடுத்தாயிற்றா என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். நீங்கள் வகுப்பில் இருக்கும்போதே மாடியில் உங்கள் வரலாற்றைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். அவ்வப்போது கதவு திறக்கும். அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிடுவாள். பெயரை மட்டும் கூப்பிட்டால் ஏதோ கையெழுத்து. "பையையும் எடுத்துக்குங்க" என்றால் அவ்வளவுதான். அந்த ஆளை மறுபடி யாரும் பார்க்கமாட்டார்கள். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டிருப்பார்கள்.

முதல் நாள் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். பாடம் நடத்தியவர், "நம்ம கம்பெனி ஒரு குடும்பம்" என்று சொல்லும்போதெல்லாம் கதவு திறந்து குடும்பத்தில் ஒருவர் குறைந்தார். இரண்டாம் நாள் மதியம் இருபது பேர். ராய்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி, மேலே கோட்டைப் போட்டு மறைத்து வைத்திருந்தார்.

"பை இல்லேன்னு நினைச்சுக்குவாங்க," என்று கண்ணடித்தார்.

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. "கோட்டுக்கு அடியில இருக்கற பையையும் எடுத்துக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

மூன்றாம் நாள் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அறுபதுக்கு இன்னும் மூன்றே நாள். பதினோரு மணிக்குக் கதவு திறந்தது.

"ராய்ஸ் டில்மன். பையையும் எடுத்துக்குங்க."

பேருந்து நிலையம்தான் என்று பையை எடுத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பெண் அவனை வாசலுக்குக் கூட்டிப்போகவில்லை. மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே துணைத் தலைவி பிரிஸில்லா ஹாக் எழுந்து நின்று, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ராய்ஸ், உங்க கோப்பைப் படிச்சு அழுதுட்டேன். எங்க கம்பெனி இரண்டாவது வாய்ப்பை நம்புது. மனசார நம்புது. அந்த நம்பிக்கைக்கு அரசாங்கம் வரிச்சலுகை குடுக்குது, அது வேற விஷயம். ஆனா இன்சூரன்ஸ்காரங்க இருக்காங்களே, அவங்க யாருக்கும் முதல் வாய்ப்பே குடுக்க மாட்டாங்க. பழைய வழக்கு உள்ளவர் கையில சாவி போனா எல்லா லாரிக்கும் காப்பீடு போச்சு. அதனால நல்லா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சோம். உங்களுக்கு வேலை உண்டு. ஓட்டுநர் வேலை."

"ரொம்ப நன்றிங்க, மேடம்!"

"அதுல ஓட்டறது மட்டும்தான் இருக்காது."

ராய்ஸ் சுற்றும் முற்றும் பார்த்தான். வேறு யாருக்காவது புரிந்ததா என்று கேட்கலாம் என்றால் அறையில் வேறு யாரும் இல்லை.

அன்றே அவனுக்குச் சீருடை தைத்தார்கள். படம் எடுத்தார்கள். 'சிரிங்க, ஆனா கொஞ்சம் வருத்தம் தெரியணும்' என்றான் படம் எடுத்தவன். இரண்டு வாரத்தில் கம்பெனி லாரிகளின் டிரெய்லர்களில் எல்லாம் எட்டடி உயரத்துக்கு ராய்ஸின் முகம் வந்துவிட்டது. பக்கத்தில் பொன்னெழுத்தில், 'எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ராய்ஸ், ஓட்டுநர்.' பதவி 'ஓட்டுநர்' என்று போட்ட வேலைச் சான்று டாகெட்டின் மேசைக்கு ஐம்பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது.

ராய்ஸின் வேலை எளிது. தலைமையகத்தின் வாசலில் காட்சிக்காக ஒரு லாரி நிற்கும். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டுக்கொண்டபடி அதன் எஞ்சினைக் கழற்றியிருந்தார்கள். ஒன்பதிலிருந்து ஐந்து வரை அதில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கை காட்டவேண்டும். பிரமுகர்கள் வந்தால் இறங்கி, நன்றி சொல்லி, மறுபடி ஏறிக்கொள்ளவேண்டும்.

"கை காட்டறதுக்கு அந்த மூணு வருஷத்தையும் உள்ளேயே முடிச்சிருக்கலாமேடா," என்றாள் வெர்னா. "அங்க எஞ்சினாவது இருந்துச்சு."

அவனுக்கு உண்மையில் வலித்தது மதியவேளையில்தான். சாப்பாட்டுக் கூடத்தில் அசல் ஓட்டுநர்கள் அவனுக்கு இடம்விட்டு உட்கார்ந்து, பாவம் என்று, போய்வந்த பாதைகளை எல்லாம் சொல்வார்கள். வயோமிங்கில் காற்று காலி டிரெய்லரைப் புரட்டிப் போடும் இடம், டென்னஸி மலையிறக்கத்தில் பிரேக் தீய்ந்து மணக்கும் வளைவு, நெவாடாவில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் நகராத மலை. ராய்ஸ் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பான். சாப்பிட்டு முடித்து வந்து எஞ்சின் இல்லாத லாரியில் ஏறினால், அவனுடைய முகம் ஒவ்வொன்றாகப் பாலத்தைத் தாண்டிப் போவது கண்ணாடியில் தெரியும். தன் முகத்தைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட மனிதன் அந்த மாவட்டத்தில் அவன் ஒருவன்தான்.

இப்படியே ஏழு மாதம் போயிற்று.

அந்தச் சமயத்தில் மாநில அரசு பாலங்களில் முகம் காணும் இயந்திரங்களைப் பொருத்தியது. நன்னடத்தையில் இருப்பவர்கள் எல்லை தாண்டினால் தானாகவே எழுதி அனுப்பிவிடும். மற்ற மாநிலங்களும் வாங்கி மாட்டி, கண்டதையெல்லாம் பகிர்ந்துகொண்டன. ஒரு வாரம் ஓடியதும் டாகெட் ராய்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் தலையணை கனத்துக்குக் காகிதம் இருந்தது.

"இருநூத்திப் பன்னிரண்டு தடவை எல்லை தாண்டியிருக்க. நாப்பத்தோரு மாநிலம். பழைய படப்பதிவுகளையும் இயந்திரத்துக்குக் காட்டிட்டோம், அதான் ஏழு மாசத்துக்கும் கணக்கு வந்துடுச்சு."

"சார், அது என் படம் சார். லாரி மேல ஒட்டியிருக்கறது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"வேற யாரு சார் சொன்னா?"

டாகெட் காகிதத்தைப் புரட்டினார். "மார்ச் ஒன்பதாம் தேதி ஒரே நேரத்துல மெம்ஃபிஸ்லயும் இருந்திருக்க, அமரில்லோலயும் இருந்திருக்க."

"பாத்தீங்களா சார்! அது எப்படி முடியும்?"

"அதனாலதான் அதை ரெண்டு குற்றமா எழுதியிருக்கேன். அப்புறம் உன் உயரம் எட்டடின்னு வருது. மாறுவேஷமா?"

விசாரணை வியாழக்கிழமை. நன்னடத்தை வாரியத் தலைவர் எம்மெட் கில்ஃபாயில் சவப்பெட்டி வியாபாரத்தில் ஓய்வு பெற்றவர். வருகிற எவரையும் தலைமுதல் கால்வரை அளவெடுக்கிற மாதிரிதான் பார்ப்பார். வெர்னா வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் சாட்சி பிரிஸில்லா ஹாக். எடுத்ததும் அரை மணி நேரம் இரண்டாவது வாய்ப்பைப் பற்றிப் பேசினார். இந்த மாநிலத்திலேயே ராய்ஸைப் போல் ஓட்டுநர் கிடையாது என்றார்.

"அப்ப ஓட்டியிருக்கார்?" என்றார் கில்ஃபாயில்.

"ஐயையோ!" பிரிஸில்லாவுக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. "ஒரு மைல்கூட ஓட்டலைங்க! கடவுள் சத்தியமா! சாவி மாட்டியிருக்கற அறைப் பக்கம்கூட அவரை விட்டதில்ல!"

கில்ஃபாயில் டாகெட்டிடம் சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகு நேரம் படித்தார்.

"இங்க ஒரு சிக்கல். டில்மன் ஓட்டலைன்னா, அவர் எல்லை தாண்டலை. நல்லது. ஆனா ஓட்டுநரா வேலை பார்க்கறார்னு குடுத்த சான்று பொய்யாயிடுது. வேலை இல்லாதவர். அதுக்குத் தண்டனை மிச்சம் மூணு வருஷம். ஓட்டியிருந்தா, அனுமதி இல்லாம எல்லை தாண்டின குற்றம். வேலை நிமித்தமா தாண்டினதால அதுக்கு..." விரலால் வரியைத் தேடினார். "கண்டிப்பு. வாய்மொழியா."

"இருநூத்திப் பன்னிரண்டு தடவைக்குமா?" என்றார் டாகெட் ஆற்றாமையோடு.

"இருநூத்திப் பன்னிரண்டு தடவை கண்டிச்சுக்கலாம். சரி, மிஸ்டர் டில்மன். ஓட்டினீங்களா, இல்லையா?"

படிவங்களில் ராய்ஸ் இதுவரை ஒரு பொய்கூட எழுதியதில்லை. எழுதிய ஒவ்வொரு உண்மைக்கும் கதவு முகத்தில் சாத்தப்பட்டதுதான் மிச்சம். திரும்பி அக்காவைப் பார்த்தான். வெர்னா இருமினாள். சாதாரண இருமல் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஓட்டினேன், ஐயா," என்றான் ராய்ஸ்.

பிறகு அவனாலேயே நிறுத்த முடியவில்லை. மலையிறக்கத்தில் பிரேக் மணப்பதைச் சொன்னான். நகராத மலையைச் சொன்னான். "வயோமிங்ல விடியற்காலை ஐயா, ரோடு பூரா உறைபனி. வெள்ளையா, படுக்கை விரிப்பு காயப்போட்ட மாதிரி பளபளன்னு கிடக்கும். பிரேக்கைத் தொடவே கூடாது. மூச்சைக்கூட மெதுவா விடணும்." சொல்லும்போதே அவன் கை தானாகக் கியர் மாற்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாரிய உறுப்பினர் ஒருவர் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

"ஆனா இந்த அம்மா சத்தியம் பண்ணாங்களே?" என்றார் கில்ஃபாயில்.

பிரிஸில்லா ஹாக் அதற்குள் மனக்கணக்குப் போட்டுவிட்டார். வேலைச் சான்று பொய் என்றால் வரிச்சலுகை முழுவதையும் அபராதத்தோடு திருப்பிக் கட்டவேண்டும். எழுந்து நின்றார். "இப்ப ஞாபகம் வருதுங்க," என்றார். "நிறைய ஓட்டினார்."

"மெம்ஃபிஸ்லயும் அமரில்லோலயும் ஒரே நேரத்துல?" என்று டாகெட் விடாமல் கேட்டார்.

"அது அதிவேகம்," என்றார் கில்ஃபாயில். "நெடுஞ்சாலைத் துறை பார்த்துக்கும். நம்ம வேலை இல்ல."

தீர்ப்பு நான்கு பக்கம். 'ராய்ஸ் டில்மன் என்கிற கனரக வாகன ஓட்டுநர் ஏழு மாத காலத்தில் நாற்பத்தோரு மாநிலங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை, விபத்து எதுவும் இன்றி, சரக்கு ஏற்றிச் சென்றது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. குற்றவாளி.' அடியில் மாநில முத்திரை. கூடவே ஒரு குறிப்பு: எப்படியும் தாண்டுகிற ஆளாக இருப்பதால், அலுவலகத்தின் காகிதச் செலவைக் குறைக்க இவருக்கு நிரந்தர எல்லை அனுமதி வழங்கப்படுகிறது.

மறுநாள் கோல்டன் மெர்சி அவனை வேலையை விட்டு நீக்கியது. இரண்டாவது வாய்ப்பை நம்பலாம், மூன்றாவதை நம்பினால் பங்குதாரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். டிரெய்லர்களில் அவன் முகத்தின் மேல் வெள்ளை அடித்தார்கள்.

ராய்ஸ் தீர்ப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஹென்ஷா என்பவரிடம் போனான். ஆறு லாரி வைத்திருக்கும் சின்ன முதலாளி. முன்பு ஃபோனில் மறுத்த பதினேழு பேரில் ஒருவர். அதே கேள்விகள்.

"அனுபவம்?"

"ஏழு மாசங்க. நாப்பத்தோரு மாநிலம்."

"சான்று இருக்கா?"

ராய்ஸ் தீர்ப்பை நீட்டினான். ஹென்ஷா நான்கு பக்கத்தையும் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இருபது வருஷமா ஆள் எடுக்கறேன். பழைய முதலாளி எழுதிக் குடுக்கற சான்றுல பாதி புளுகு. இன்சூரன்ஸ்காரன் ஒண்ணைக்கூட நம்பமாட்டான். அரசாங்கமே விசாரணை வெச்சு, சாட்சி விசாரிச்சு, ஓட்டினான்னு நிரூபிச்ச சான்றை நான் இப்பத்தான் பார்க்கறேன்." ஃபோனை எடுத்தார். இன்சூரன்ஸ்காரர் நகல் கேட்டார். 'குற்றவாளி' என்ற கடைசிச் சொல்லைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. நாற்பத்தோரு மாநிலம் என்ற வரியிலேயே அவர் விழுந்துவிட்டார். மதியத்துக்குள் சாவி ராய்ஸ் கையில் இருந்தது.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு, வயோமிங்கில் ஒரு சாலையோர நிறுத்தத்திலிருந்து வெர்னாவுக்கு ஃபோன் வந்தது. அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"என்னடா? இடிச்சுட்டியா?"

"இல்லக்கா. உறைபனி. இப்பத்தான் தாண்டி வந்தேன். கொஞ்சம் வழுக்குச்சு, அப்புறம் பிடிச்சுக்குச்சு."

"அப்பாடா. அப்ப ஏன் அழற?"

"அது வெள்ளையா இல்லக்கா. கறுப்பு. ஈரத் தார் மாதிரி கிடக்கு, கண்ணுக்கே தெரியல. நான் வாரியத்துல வெள்ளைன்னு சொல்லிட்டேன். சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேன். ஒரு கடிதம் எழுதித் திருத்திடட்டுமா?"

மறுமுனையில் கோழி வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"எழுது," என்றாள் வெர்னா. "நல்லா விளக்கமா எழுது. எழுதி, மடிச்சு, வாயில போட்டு முழுங்கிட்டு, வண்டியை எடு."